மன்னவனூர் உறைபனியும் எட்டடி அறையும்: உங்கள் அனுபவம் என்ன?

கே.கே.நகர்க்காரர் எழுதியது:

மதுரையில் உட்கார்ந்துகொண்டு உறைபனியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். மார்கழியில் வெயில் கொஞ்சம் சுணங்கினாலே மப்ளர் சுற்றுகிற ஊர் நம்முடையது. ஆனால் வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி, கொடைக்கானலையும் தாண்டி மன்னவனூர் போனால் கதை வேறு. என் மச்சானுக்கு அங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் போடும் தோட்டம் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் வானம் தெளிந்துவிட்டால் விடிகாலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். கரண்ட் கம்பம் தோட்டம் வரை வரவில்லை. விதைக்கிழங்கு குளிரில் உறையாமல் வைக்க எட்டடிக்கு எட்டடியில் ஓர் அறை கட்டி, 330 வாட் சோலார் பேனல் ஒன்றை வைத்திருக்கிறோம்.

சுவருக்கும் கூரைக்கும் 50 மி.மீ. பஃப் பேனல், அதாவது நடுவில் நுரை வைத்த, சூட்டைத் தடுக்கும் தகரப் பலகை. தரைக்கு மட்டும் ஒன்றும் போடவில்லை, அது வேண்டுமென்றே செய்தது. மண்ணுக்குள் இருக்கிற சூடு இரவில் தரை வழியாக மேலே வரும், அதை ஏன் தடுக்க வேண்டும்? தொல்லை கொடுப்பது கூரைதான். மேகமில்லாத இரவில் தகரம் வானத்தைப் பார்த்துச் சூட்டை விட்டுக்கொண்டே இருப்பதால் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துபோகும். காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே புல்லில் பனி உறைவதும் இதனால்தான்.

வெளியே 0, உள்ளே 5 டிகிரி என்று வைத்தால், இந்த அளவு அறையில் இருந்து 65 வாட் போலச் சூடு வெளியேறும். கதவு இடுக்கையும் சேர்த்து 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேர இரவுக்கு ஒரு யூனிட். அவ்வளவுதான்.

இந்த ஒரு யூனிட் விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஐரோப்பாவில் சோலாரை நம்பி அறையைக் காப்பவர்கள் படும் பாடு, உறைகிற மாதத்தில் வெயிலே இல்லாததுதான். பழனி மலையில் அப்படி இல்லை. இங்கே உறைய வேண்டுமென்றால் வானம் தெளிந்திருக்க வேண்டும். மேகம் மூடிய இரவில் பனி உறையாது. தெளிந்த இரவுக்கு முன்னால் பெரும்பாலும் தெளிந்த பகல்தான். நாம் இருப்பது 10 டிகிரி அட்சரேகையில், டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரம். பேனல் சும்மா கிடக்கும் தூறல் நாட்களில் சூடும் தேவைப்படாது.

அந்தச் சூட்டை ராத்திரிக்கு எதில் சேர்த்து வைப்பது? மச்சான் பேட்டரி என்கிறார். 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலரில் (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் ஈய-அமில பேட்டரி) 1.8 யூனிட் நிற்கும், பாதிதான் எடுக்கலாம், குளிரில் அதுவும் குறையும். ஒரு டிரம்மில் 200 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி இறங்கினாலே 1.16 யூனிட் தந்துவிடும். டிரம் விலைக்குப் பேட்டரி கிடைக்குமா? போதாக்குறைக்கு, தண்ணீர் உறையத் தொடங்கினால் லிட்டருக்கு இன்னும் 0.09 யூனிட் வெளியே வரும். என் கட்சி தண்ணீர்தான். பேனலில் இருந்து தண்ணீருக்குச் சூடு ஏற்றுவதில் கைப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் சோலார்:

அண்ணே, கணக்கு சரி. ஆனால் கடையில் விற்கும் ஹீட்டர் ராடை நேராகப் பேனலில் மாட்டிவிடாதீர்கள். 230 வோல்ட்டுக்கான 1500 வாட் ராடின் ரெசிஸ்டன்ஸ் 35 ஓம். உங்கள் பேனல் தருவது 37 வோல்ட் போல. கிடைப்பது 40 வாட், தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. மேலூர் பக்கம் ஒருவர் இப்படி மாட்டிவிட்டு, பேனல் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். பேனலுக்கு ஒத்துவருவது 4 ஓம். அதற்கென்று குறைந்த வோல்ட் எலிமெண்ட் சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், சுவிட்ச். வீட்டு ஏ.சி. கரண்டுக்கான சுவிட்சைப் பேனலில் இருந்து வரும் டி.சி. லைனில் போட்டால் அணைக்கும்போது தீப்பொறி அறுபடாமல் உள்ளேயே எரியும். டி.சி. பிரேக்கர்தான் போட வேண்டும், சூட்டைப் பார்த்துத் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் ரிலேவும் டி.சி.க்கானதாகவே வாங்குங்கள். பேனலைத் தெற்குப் பார்த்து 30 டிகிரி சாய்த்து வையுங்கள். டிசம்பர் வெயில் உச்சியிலேயே 56 டிகிரிதான் ஏறும்.

உசிலம்பட்டி வாத்தியார்:

எங்களுக்கு உறைபனி என்றால் ஃப்ரிட்ஜுக்குள் பார்ப்பதுதான்! ஆனாலும் ஒன்று கேட்கிறேன். லைட்டுக்கும் மருந்தடிக்கும் மெஷினுக்கும் எப்படியும் ஒரு பேட்டரி வேண்டுமே, அதை எங்கே வைப்பீர்கள்? லித்தியம் என்றால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது, செல் கெட்டுவிடும். டியூபுலர் என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றுப் புகாத அறையில் அது ஆபத்து. அந்த வாயு மேலே போகும் என்பதால் கூரையை ஒட்டி ஒரு இஞ்ச் பைப் விடுங்கள்.

பூம்பாறை:

ஐயா, நாங்கள் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைக்கிறவர்கள், கிழங்குக்கு அது ஆகாது. என் அறையில் வெறும் 20 லிட்டர் கேன் பத்து. கறுப்புப் பெயின்ட் அடித்து, காலையில் வெயிலில் வைத்து, நாலு மணிக்கு உள்ளே எடுத்துவிடுவோம். கரண்டே கிடையாது. டிரம்மைவிடக் கேன் நல்லது, அதே தண்ணீருக்குப் பரப்பு இரண்டு மடங்கு போல வரும், சூடு சீக்கிரம் வெளியே வரும்.

குளிருக்கு என்று குண்டு பல்பு எரிய விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகிவிடும். விதைக்குப் பரவாயில்லை, சாப்பாட்டுக்கு ஆகாது. பல்பு மேல் மண்பானையைக் கவிழ்த்துவிடுங்கள், சூடு மட்டும் வரும். கரிக் கணப்பை மட்டும் மூடிய அறைக்குள் யாரும் கொண்டுபோக வேண்டாம். அந்தப் புகையில் வாசனை தெரியாமலே ஆள் போய்விடும்.

கே.கே.நகர்க்காரர்:

கேன் யோசனை பிரமாதம். ஆனால் தினமும் இருபது கிலோவை அத்தனை தடவை தூக்க அங்கே ஆள் இல்லை. மச்சான் முதுகுவலிக்காரர். அதனால் நடுவில் ஒரு டிரம்மில் 4 ஓம் எலிமெண்ட், சுவரோரம் கேன்கள் அசையாமல், இப்படிப் போகலாம் என்றிருக்கிறேன். கிழங்கு அதிகச் சூட்டில் முளைவிட்டுவிடும் என்பதால் அறை 6 டிகிரியைத் தாண்டினால் எலிமெண்ட் நிற்கிற மாதிரி தெர்மோஸ்டாட். வாத்தியார் சொன்னபடி பேட்டரிக்கு மேலே பைப் விட்டாகிவிட்டது, எலி வராமல் இருக்க வலையும் கட்டியாயிற்று. திருமங்கலத்துத் தம்பி, அந்த எலிமெண்ட்டை மதுரையில் யார் செய்து தருவார்கள்?