படம் பார்த்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள் இருக்கிறீர்களா?

பின்னலாடைக்காரி, திருப்பூர்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. போன வாரம் டிவியில் ‘96’ போட்டார்கள். கதையை விடுங்கள், ஆரம்பப் பாட்டில் விஜய் சேதுபதி கேமராவோடு தனியாக ஊர் ஊராகச் சுற்றுகிறாரே, அதைப் பார்த்ததிலிருந்து வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தமானெல்லாம் என் சம்பளத்துக்கு ஆகாது. ஏதாவது படத்தில் வந்த இடமாக இருக்க வேண்டும், காலையில் போய் ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். அம்மாவும் வருவார், முட்டிவலி, அதிகம் நடக்க மாட்டார். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். நேரில் சப்பென்று இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சும்மா ஒருத்தன், கரூர்

‘ரோஜா’ பார்த்துவிட்டு காஷ்மீர் போகப் பணம் சேர்த்தவன் நான். அப்புறம்தான் தெரிந்தது, அன்றைக்கு அங்கே இருந்த நிலைமையில் படம் எடுக்க முடியாமல் மணாலிக்குப் போயிருக்கிறார்கள். சரி என்று நானும் மணாலிக்கே போய்விட்டு வந்தேன். செலவும் குறைவு. உங்களுக்கு உதவாத பதில்தான், சொல்லணும் போல இருந்தது.

வேன்காரர், கோபி

அம்மிணி, கோபிக்கு வாங்க. இங்கே வாடகை வேன் ஓட்டுகிறேன். சென்னைப் பக்கமிருந்து வருகிற குடும்பங்கள் ஏறி உட்கார்ந்ததும் கேட்பது, “அண்ணா, படத்துல வர்ற அந்த வாய்க்கா எங்க இருக்கு?” எந்தப் படம் என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். எல்லாம் சரியாகவும் இருக்கும்! சின்னக் கோடம்பாக்கம் என்றே எங்கள் ஊருக்குப் பேர். பாக்யராஜுக்குச் சொந்த ஊர் பக்கத்து வெள்ளாங்கோயில். ‘முந்தானை முடிச்சு’ (1983) இந்தச் சுற்றுவட்டாரத்தில் எடுத்தது, ‘சின்னத்தம்பி’யும் (1991) அப்படித்தான். அப்போதெல்லாம் ஷூட்டிங் வண்டி வந்து நின்றால் களை எடுக்கிற பொம்பளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சலித்துப் போயிருந்தது.

சப்பென்று ஆகுமா என்றால், மாசம் தப்பி வந்தால் ஆகும். இங்கே பச்சைக்கு மழை மட்டும் போதாது. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் ஓட வேண்டும். நடவு முடிந்து வந்தால் பார்க்கக் கண் போதாது. அறுப்பு முடிந்து வந்தால் வெறும் தாள்தான் நிற்கும், வந்தவர்கள் என்னை ஏமாற்றுக்காரன் போல முறைப்பார்கள். இன்னொன்று, சினிமாக்காரர்கள் கேமரா வைத்த கோணம் வேறு. நான் வழக்கமாக வண்டி நிறுத்துகிற இடத்தில் தென்னை வரிசை, கீழே நெல், தூரத்தில் மலை, எல்லாம் உண்டு. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினால் செல்போன் டவர். அது விழாமல் போட்டோ எடுக்க ஆளாளுக்குக் குனிந்து வளைவதைப் பார்க்க வேண்டுமே.

அம்மாவைக் கொடிவேரிக்குக் கூட்டிப் போங்க. தண்ணீர் அகலமாகப் பரவி விழும், தலையில் அடிக்காது. பாறை வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பவானிசாகர் அணையில் தண்ணீர் அதிகம் திறந்தால் குளிக்க விடமாட்டார்கள், கிளம்பும் முன் செய்தி பார்த்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்துக்காரி

வயல் வரப்பை அண்ணன் சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பாட்டைப் பார்த்து வந்த ஏக்கம் ரயில் ஏறினால்தான் தீரும். ‘மூன்றாம் பிறை’ (1982) கடைசிக் காட்சி எடுத்தது ஊட்டி மலை ரயில் பாதையில் உள்ள கேத்தி ஸ்டேஷனில். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 ரயிலுக்கு முன்பதிவு செய்யாமல் இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டி ரயிலில் ஏறுங்கள். வெலிங்டன், அரவங்காடு தாண்டினால் கேத்தி. சின்ன ஸ்டேஷன், நின்ற வேகத்தில் கிளம்பிவிடும். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே ஜன்னலுக்கு வந்து, கமல் எந்தக் கம்பத்தில் முட்டிக்கொண்டார் என்று தேடுவார்கள். நீராவி எஞ்சின் எதிர்பார்க்காதீர்கள், அது குன்னூர் வரைதான், மேலே டீசல். சொந்த வண்டியில் நீலகிரி ஏற 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் வேண்டாம்.

பின்னலாடைக்காரி, திருப்பூர்

அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பிரபு நடந்த வரப்பு என்றதும் தீர்ப்பு வந்துவிட்டது! கேத்தி தீபாவளி லீவில்தான், அக்கா. வேன் அண்ணா, குன்னத்தூர் வழி பஸ்ஸில் கோபி வந்துவிடுகிறோம். இப்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா?

வேன்காரர், கோபி

ஓடுதுங்க அம்மிணி, பயிர் தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் கொடிவேரி போய்விட்டு வெயில் தாழ வயல் பக்கம் வாங்க. ஞாயிற்றுக்கிழமை கொடிவேரியில் கூட்டம் அம்மும், பத்து மணிக்குள் போய்விடுங்கள். மீன் வறுவல் வாங்கும் முன் சட்டியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடை.