வெள்ளை அட்டை யார் பெயரில் இருக்கிறது?

வியாசர்பாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஒரே காம்பவுண்டில் மூன்று குடித்தனம், மூன்றுக்கும் ஒரே மெயின் மீட்டர். உள்ளே ஆளுக்கு ஒரு சப் மீட்டர். ஓனர் அம்மா வேறு ஏரியாவில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, ரீடிங் பார்த்து, யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கிக்கொண்டு போவார். எட்டு வருஷமாக இதுதான் வழக்கம். கரண்ட் என்றாலே அந்த விலைதான் என்று நினைத்திருந்தேன்.

2023 கோடையில் எங்களுக்கு மட்டும் 200 யூனிட், 1,800 ரூபாய். நான் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறேன், என் வீட்டுக்காரருக்கு லோடு வேலை. அந்த மாதம் சீட்டுக் கட்ட முடியவில்லை. என் பெண் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சொருகியிருந்த, மின்வாரியத்தின் ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையிலிருந்து சர்வீஸ் நம்பரை எடுத்து, போனில் போட்டுப் பார்த்தாள். காம்பவுண்டு முழுக்க 600 யூனிட். பில் 2,750 ரூபாய். எங்கள் மூன்று பேரிடமும் வாங்கியது 5,400.

அதைவிட எனக்கு வலித்தது அவள் அடுத்துப் போட்ட கணக்கு. 2016-லிருந்து வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அப்போதைய கட்டணத்தில் அடுத்த 100-க்கு யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு, அதுவும் மொத்தம் 500-க்குள் இருந்தால்தான். மூன்று வீடும் ஒரே மீட்டரில் ஓடுவதால் ஒவ்வொரு தடவையும் 500-ஐத் தாண்டிவிடுகிறது, அந்தச் சலுகை போய்விடுகிறது. "நமக்குன்னு தனி மீட்டர் இருந்தா இதே 200 யூனிட்டுக்கு 225 ரூபாதாம்மா" என்றாள். நான் நம்பாமல் இரண்டு தடவை கணக்குப் போடச் சொன்னேன்.

ஓனர் அம்மாவிடம் கேட்டபோது, "உன் பேர்ல மீட்டர் வச்சா நாளைக்கு வீடே உன்னுதுன்னு சொல்லிடுவ" என்றார். அவர் பயந்தது உண்மையான பயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விதவை, அந்த வீடு ஒன்றுதான் அவருக்கு. மின் அலுவலகத்தில் விசாரித்தோம். வாடகைக்கு இருப்பவர் விண்ணப்பிக்க, படிவம் 5-இல் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால், சட்டப்படி குடியிருக்கிறோம் என்பதற்கு ஆதாரமும் படிவம் 6-இல் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்து, வைப்புத்தொகையை இரண்டு மடங்காகக் கட்டலாம். தனி வாசலும் தனி சமையலறையும் இருக்கிறதா என்று வந்து பார்ப்பார்களாம். எங்களுக்கு இரண்டும் இருந்தது. இரண்டு மடங்கு கட்ட என்னிடம் பணம் இல்லை. அதனால் ஓனர் அம்மாவிடமே மறுபடி போனேன், போய்க்கொண்டே இருந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

சென்னிமலையிலிருந்து:
எங்கள் பக்கம் ஓனர் பிரச்சினை இல்லைங்க, ஆனா பெயர்ப் பிரச்சினை இருந்தது. அப்பா வீட்டிலேயே கைத்தறி போட்டிருக்கிறார். கைத்தறி நெசவாளர்களுக்கு 200 யூனிட் இலவசமாக இருந்ததை 2023-இல் 300 ஆக்கினார்கள். பக்கத்து வீட்டில் பில் இறங்கியது, எங்களுக்கு இறங்கவே இல்லை. நெசவாளர் சங்கத்தில் கேட்டால், "இணைப்பு யார் பேர்ல இருக்குது?" என்றார்கள். அட்டையைப் பார்த்தால் தாத்தா பெயர். அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றி, நெசவாளர் அடையாள அட்டை நகல் கொடுத்த பிறகுதான் சலுகை வந்தது. தாத்தா பெயரை எடுக்க அப்பாவுக்கு மனசே இல்லை. அதுதான் மூன்று மாதம் தள்ளிப்போகக் காரணம்.

நத்தத்திலிருந்து:
அக்கா, இது கரண்ட் இல்லை, சிலிண்டர். ஆனாலும் இங்கேயே சொல்கிறேன். அம்மாவுக்கு உஜ்வாலா இணைப்பு, ஏழைப் பெண்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் கேஸ் இணைப்பு. 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் என்றார்கள், 2023 அக்டோபரில் 300 ஆனது. எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஏஜென்சியில் போய்ச் சண்டை போட்டேன். அது தப்பு, அவர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆதாரைக் கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் இணைத்தோமோ அதில்தான் விழும். நூறு நாள் வேலைக்காக அம்மா தொடங்கிய பழைய கணக்கு ஒன்று இருந்தது, பாஸ்புக் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. பேங்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் எல்லா மானியமும் அதில் இருக்கிறது. அம்மா அதை வைத்து என் தம்பிக்கு ஸ்கூல் பேக் வாங்கினார்.

ஆவடியிலிருந்து:
தனி மீட்டர் கேட்டதற்கே எங்கள் ஓனர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். கைக்குழந்தையோடு இரண்டு ராத்திரி. யாருக்காவது இப்படி நடந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த உரிமையாளருக்கு உரிமை கிடையாது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதுமே எங்களுக்கு ஃபியூஸ் திரும்ப வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததால்தான் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

வியாசர்பாடியிலிருந்து, மறுபடியும்:
எல்லோருக்கும் நன்றி. ஆவடித் தங்கச்சி சொன்னதைப் படித்து அழுதுவிட்டேன். எங்கள் கதையின் மீதியையும் சொல்கிறேன். மீட்டர் தன் பெயரிலேயே இருக்கட்டும், பில்லை நாங்களே நேராகக் கட்டிக்கொள்கிறோம் என்றதும் ஓனர் அம்மா இறங்கி வந்தார். அவரே விண்ணப்பித்தார், சொத்து வரி ரசீதும் அவரே கொடுத்தார். செலவு எங்களுடையது. அதற்காகச் சீட்டை இரண்டு மாதம் முன்னாடியே எடுத்தேன். தீபாவளிக்கு முன்னால் மீட்டர் மாட்டினார்கள். முதல் பில்லில் 180 யூனிட், 180 ரூபாய். புது வெள்ளை அட்டையை என் பெண் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். பக்கத்துக் குடித்தனத்து அண்ணி நேற்று வந்து, எந்தப் படிவம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்.