தரையிறங்கும்போது உயரத்தைக் குரலில் சொல்லும் கருவி: சிறிய விமானத்துக்குப் பயன்படுமா?

கடலோரப் பறவை (டர்பன்):

அனைவருக்கும் வணக்கம். டர்பன் வடக்கில் கடலை ஒட்டி இருக்கும் வர்ஜினியா விமான நிலையத்தில் பயின்று உரிமம் பெற்றவன் நான். 110 மணி நேரம் பறந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி, இறக்கை மேலே அமைந்த செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில். அண்மையில் நண்பர்களுடன் சேர்ந்து, இறக்கை தாழ்வாக அமைந்த இரண்டு இருக்கை விமானம் ஒன்றில் பங்கு வாங்கினேன். அன்றிலிருந்து ஒரே தவறு திரும்பத் திரும்ப நேர்கிறது: தரையைத் தொடும் முன் விமானத்தின் மூக்கைத் தூக்க வேண்டிய உயரத்துக்கு மேலேயே தூக்கிவிடுகிறேன், விமானம் வேகம் இழந்து கடைசிச் சில அடிகள் பொத்தென்று விழுகிறது. பெரிய பயணிகள் விமானங்களில் "ஐம்பது, நாற்பது, முப்பது" என்று ஒரு குரல் தரைக்கு மேலுள்ள உயரத்தை அடிக் கணக்கில் எண்ணுவதைப் போல, சிறிய விமானத்தில் பொருத்தக்கூடிய லேசர் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. வாங்கினால் என் தவறு திருந்துமா? ஏற்கெனவே உள்ள உயரமானியோ ஜிபிஎஸ்ஸோ அந்த வேலையைச் செய்யாதா?

பழைய பயிற்சியாளர் (ஜெர்மிஸ்டன்):

தம்பி, உங்கள் தவறுக்குக் காரணம் நீங்கள் உட்காரும் உயரம் என்று நினைக்கிறேன். செஸ்னாவில் உங்கள் கண் தரையிலிருந்து சற்று மேலே இருந்தது. ஓடுபாதை எப்படித் தெரியும்போது மூக்கைத் தூக்க வேண்டும் என்ற படம் அந்த உயரத்திலிருந்துதான் மனத்தில் பதிந்தது. புதிய விமானத்தில் இருக்கை தாழ்வு. பழைய படம் கண்ணில் தோன்றும் கணத்தில், சக்கரங்கள் இன்னும் சில அடி மேலே நிற்கும். ஓடுபாதையின் அகலமும் இப்படித்தான் ஏமாற்றும். வர்ஜினியாவின் குறுகிய பாதைக்குப் பழகியவர் டர்பனின் பெரிய விமான நிலையமான கிங் ஷாகாவின் 60 மீட்டர் அகலப் பாதைக்கு வந்தால், தாம் தாழ்வாக இருப்பதாகத் தோன்றி, முன்கூட்டியே தூக்கிவிடுவார்.

காற்றழுத்த உயரமானி இதற்கு உதவாது. காற்றழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கல் ஒன்று பிசகினாலே அதில் ஏறத்தாழ 30 அடி மாறிவிடும். நீங்கள் தேடுவதோ ஐந்தடிக் கணக்கு. ஜிபிஎஸ் உயரத்திலும் சில மீட்டர் பிழை இயல்பு. தரையை நேரடியாக அளக்கும் கருவிதான் வேண்டும்.

அந்தக் கருவி சொல்லும் எண்ணைவிட, எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கேட்கப் பழகுங்கள். 65 நாட் வேகத்தில் மூன்று பாகைச் சரிவில் வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 6 அடி இறங்குவீர்கள். ஐம்பதிலிருந்து இருபதுக்கு வர ஐந்து நொடிகள். தாளம் அதைவிட விரைந்தால், மிக வேகமாக இறங்குகிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். இங்கே 5,500 அடி உயரத்தில் இருக்கும் ராண்ட் விமான நிலையத்துக்கு நீங்கள் வந்தால், வேகமானி அதே 65-ஐக் காட்டினாலும், காற்று மெலிந்திருப்பதால் உண்மை வேகம் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுதலாக இருக்கும், தாளமும் அந்த அளவு விரைவாகும். கடல் மட்டத்தில் பழகிய காது அதை எதிர்பார்க்காது.

கம்பியும் சாலிடரும் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

விமான மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் ஒரு பகுதியை விரிவாகச் சொல்கிறேன். பெரிய விமானங்களில் இருப்பது 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ அலையைத் தரைக்கு அனுப்பி அளக்கும் ரேடியோ உயரமானி. நீங்கள் பார்த்தவை லேசர் துடிப்பைக் கீழே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளப்பவை. ஓரடி உயரத்துக்கு ஒளி போய்த் திரும்ப ஏறத்தாழ 2 நானோநொடி ஆகும். அதை அளக்கும் சில்லுகள் மலிவானதால்தான் இக்கருவிகள் நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன.

லேசர் படுவது சிறு புள்ளியில். அது எதன் மேல் பட்டதோ அதன் உயரத்தைத்தான் கருவி சொல்லும். வடக்குக் கடற்கரையில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் புல் ஓடுபாதைகளை எண்ணிப் பாருங்கள்: முற்றிய கரும்பு மூன்று மீட்டர், அதாவது ஏறத்தாழ பத்தடி நிற்கும். தோகைக்கு மேலே வரும்போது "இருபது" என்று சொன்ன கருவி, பாதையின் விளிம்பைக் கடந்ததும் முப்பது காட்டும். (ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் கொள்ளுத்தாத்தாக்கள் வெட்டிய கரும்பு நம்மையும் விடுவதாக இல்லை!) மழைக்குப் பின் ஓடுபாதையில் நீர் தேங்கினால் அது கண்ணாடியாகிவிடும், மூக்கு உயர்ந்திருக்கும் நேரத்தில் லேசர் சாய்ந்து பட்டு வேறு திசையில் தெறித்துப் போவதால், கருவிக்கு ஒன்றும் திரும்பாது. நல்ல கருவி அப்போது தவறான எண்ணைச் சொல்லாமல் மௌனமாகிவிடும். அந்த மௌனத்தை "இன்னும் உயரத்தில் இருக்கிறோம்" என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இன்னொன்று: "ட்வென்டி" என்று உச்சரிக்கவே அரை நொடி போகிறது. அதற்குள் மூன்றடி இறங்கியிருப்பீர்கள். ஆகவே, சொல்லத் தொடங்கும் கணம் எந்த உயரத்துக்கு உரியது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கடலோரப் பறவை:

மிக்க நன்றி ஐயா, மிக்க நன்றி அண்ணா. எங்கே பொருத்துவது நல்லது? இறக்கையின் அடியிலா, வாலுக்கு அருகிலா?

வீட்டுக் கொட்டகை (டோங்காட்):

நான் சொந்தமாகக் கட்டிய விமானத்தில் பொருத்தியிருக்கிறேன். இறக்கையின் அடியில், பின் சக்கரங்களுக்கு நேராக வையுங்கள். மூக்கைத் தூக்கும்போது வால் இறங்குவதால், வாலில் வைத்த கருவி தாழ்வாகக் கணக்கிடும். என்னுடையதை முதலில் பொருத்தித் தந்த பட்டறை, சக்கரம் தரையைத் தொடும் நிலையைப் பூஜ்யமாகப் பதிய மறந்துவிட்டது. "ஐந்து" என்று குரல் சொன்ன அதே கணத்தில் நான் ஓடுபாதையில் உருண்டுகொண்டிருந்தேன். காதணிக் கருவிக்கு ஒலி தரும் இண்டர்காமில் அதன் ஒலியை வானொலியைவிடச் சற்றுத் தாழ்வாக வையுங்கள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரலை அது மூடக் கூடாது. உங்கள் விமானம் சொந்தமாகக் கட்டியதாக இல்லாமல், வகைச் சான்றிதழ் (அந்த விமான வகைக்கு அரசு தரும் ஒப்புதல்) பெற்றதாக இருந்தால், துளையிடும் முன் அதைப் பராமரிக்கும் பொறியாளரிடம் ஒப்புதல் பற்றிப் பேசிவிடுங்கள்.

பழைய பயிற்சியாளர்:

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓடுபாதையின் தொடக்கத்தில் உங்கள் இருக்கையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, பாதையின் மறுமுனையைப் பாருங்கள். கோபுரத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போது அந்தப் பாதை எப்படித் தெரிகிறதோ, அதுதான் நீங்கள் இறங்கி முடிக்க வேண்டிய படம்.