ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் குனிந்திருந்தால்: டிஸ்கவரி ஏர் சஸ்பென்ஷன், நம்ம பக்கத்து வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டது (ஒவ்வொரு பகுதியின் தலையிலும் பேசுபவரின் புனைபெயர்)

ராயக்கோட்டை ரோடு:

லேண்ட் ரோவரின் டிஸ்கவரி 3, டிஸ்கவரி 4, அதே காலத்து ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், மூன்றுக்கும் ஏர் சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான்: காயில் ஸ்ப்ரிங்குக்குப் பதில் சக்கரத்துக்கு ஒரு காற்றுப் பலூன், அதற்குக் காற்று ஏற்ற ஒரு கம்ப்ரஸர். வண்டி காலையில் குனிந்து நின்றால் கிருஷ்ணகிரியில் முதலில் காதில் விழுவது "கம்ப்ரஸர் போச்சு, மாத்திடலாம்". கம்ப்ரஸர் சாவது பெரும்பாலும் கடைசியில்தான். எங்கேயோ காற்று கசியும், அதை ஈடுகட்ட அது ஓடி ஓடித் தேயும். கசிவை அடைக்காமல் புதுசு போட்டால் அதற்கும் அதே கதிதான்.

பலர் கவனிக்காத இன்னொன்று ட்ரையர். கம்ப்ரஸர் இழுக்கும் காற்றில் உள்ள ஈரத்தை ட்ரையரில் இருக்கும் மணிகள் பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கும்போது வெளியேறும் காற்று அதே மணிகள் வழியாகத் திரும்பிப் போய் அவற்றைக் காய வைக்கும். பலூனில் கசிந்தால் காற்று அங்கேயே போய்விடும், ட்ரையருக்குத் திரும்பாது. மணிகள் ஊறி நொறுங்கி வெள்ளை மாவாகி, பலூன்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் வால்வ் பிளாக்குக்குள் போய் உட்காரும். அப்புறம் வால்வும் சரியாக மூடாது. ஒரு கசிவு மூன்று செலவாவது இப்படித்தான்.

எந்த மூலை என்று காலையில் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் சஸ்பென்ஷன் மாட்யூல் (உயரத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சுமார் 2 மணி நேரம் கழித்து ஒருமுறை, பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து உயரம் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். தப்பு ஒன்று, தண்டனை நாலுக்கும்.

அதனால் சமதரையில் நிறுத்தி, ஏர் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு (எந்த எண் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும்), ஹப்பின் நடுவிலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலையில் மறுபடி அளந்தால் கதை தெரிந்துவிடும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பலூன், அதன் ஃபிட்டிங், அல்லது அதன் வால்வ். முன்னால் இரண்டும் சேர்ந்து இறங்கினால் முன் வால்வ் பிளாக். நாலும் அப்படியே நின்று, ஓட்டும்போது மட்டும் மெதுவாக எழும்பினால் அப்போது கம்ப்ரஸரைச் சந்தேகப்படலாம்.

பென்னாகரம்:

அண்ணன் சொன்னதோட சோப்புத் தண்ணி டெஸ்டையும் சேத்துக்கலாம்ங்க. சோப்புக் கட்டியக் கரைக்க வேண்டாம், நம்ம போர் தண்ணியில நுரையே வராது. ஒகேனக்கல் குடிதண்ணி இல்லன்னா ஆர்ஓ தண்ணி, அரை லிட்டருக்கு ரெண்டு மூணு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கிற லிக்விட், ஸ்ப்ரே பாட்டில். வண்டிய ஆஃப்ரோடு (கரடுமுரடுப் பாதை) உயரத்துக்கு ஏத்திட்டு அடிங்க. நார்மல்ல இருந்து சுமார் 55 மி.மீ. கூட ஏறும், மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ரப்பர் அப்பதான் வெளிய தெரியும். விரிசல் பெரும்பாலும் பலூனோட கீழ் மடிப்புலதான் ஆரம்பிக்கும். பெரிய குமிழிக்காகக் காத்திருக்காதீங்க. கடுகு மாதிரி சின்னக் குமிழி வரிசையா, பால் பொங்க ஆரம்பிக்கிற மாதிரி ஒரே இடத்துல ரெண்டு நிமிஷம் விடாம வந்தா அதுதான் கசிவு.

மடிப்பு ஏன் போகுதுன்னா, கிரானைட் மாவு. குவாரி பக்கம் ஓடுற வண்டியில அந்தத் தூசி மடிப்புல உக்காந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வாரம் ஒருதரம் ஆஃப்ரோடு உயரத்துல வச்சு சாதா ஹோஸ் பைப்புல கழுவி விட்டாப் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்ன கிட்ட வச்சு அடிக்காதீங்க, மணல இன்னும் உள்ள தள்ளும், வண்டி உயரத்த அளக்குற ஹைட் சென்சரோட பிளக்குலயும் தண்ணி ஏறும்.

பாலக்கோடு:

பலூனை வீட்டிலேயே மாற்ற முடியுமா சார்? ஜாக்கி, டார்க் ரெஞ்ச் இருக்கிறது.

ஓசூர் ஸ்பேனர்:

முடியும் தம்பி. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதே. இந்த வண்டி கேட்காமலே தானாக இறங்கும். ஃபியூஸைக் கழற்று, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் போடு, அப்புறம்தான் மற்றது.

முன்பக்கம் பலூனும் டேம்பரும் (ஷாக் அப்ஸார்பர்) ஒரே உருப்படி. மேலே 3 நட், கீழே ஒரு போல்ட். காற்றுக் குழாய் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, சீறல் அடங்கும் வரை கையை எடுத்துக்கொள். கண்ணாடி போட்டுக்கொள், உள்ளே இருப்பது டயர் காற்று மாதிரி 35 பவுண்டு இல்லை. குழாய் முனை நசுங்கியிருந்தால் புது பிளேடால் நேராக வெட்டு. ஹேக்ஸா வைத்தால் பிசிறு உள்ளே போய் வால்வில் மாட்டும். புது உருப்படியோடு புது ஃபிட்டிங் வரும், பழையதைத் திரும்பப் போடாதே.

இரண்டு இடத்தில் எல்லாரும் தவறுகிறார்கள். ஒன்று, காற்று இல்லாத பலூன் மேல் வண்டிப் பாரத்தை இறக்குவது. ரப்பர் தப்பாக மடிந்து, சீக்கிரமே கிழியும். ஃபியூஸைத் திரும்பப் போட்டு, டயக்னாஸ்டிக் டூல் (வண்டிக் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) வழியாக அந்த மூலைக்குக் காற்று ஏற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஜாக்கியை இறக்கு. இரண்டு, கீழ் போல்ட்டை சக்கரம் தொங்கும்போதே முறுக்குவது. அந்த இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. தொங்கலில் முறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் புஷ் முறுகியே கிடக்கும். நார்மல் உயரத்தில் நிற்கும்போது இறுதி முறுக்கு கொடு. லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் இதே விதி. வீல் நட் 140 நியூட்டன் மீட்டர், 50 கிலோமீட்டர் ஓடின பிறகு ஒருமுறை சரிபார்.

ஹைட் சென்சரைத் தொடவில்லை என்றால் பெரும்பாலும் கேலிப்ரேஷன் (உயர அளவை மாட்யூலுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பது) தேவைப்படாது. சென்சரை மாற்றினால் கட்டாயம் தேவை.

கம்ப்ரஸர் இடது பின் சக்கரத்துக்கு முன்னால், பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. பிஸ்டன் ரிங் கிட்டும் ட்ரையர் மணியும் பெங்களூரில் கிடைக்கும், அரை நாள் வேலை. சிலிண்டர் சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பார், நகம் தட்டினால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹிட்டாச்சி கம்பெனி கம்ப்ரஸர் இருந்த இடத்தில் ஏஎம்கே கம்பெனியுடையதைப் போடுவதென்றால் பிராக்கெட்டும் ஒயரிங்கும் மட்டும் மாறினால் போதாது, மாட்யூல் சாஃப்ட்வேரும் மாற வேண்டும். கம்ப்ரஸர் மாற்றும்போது என்ஜின் பக்கத்து ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் அதன் ரிலேயையும் (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்று. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் வண்டி அணைந்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரியும் போகும், மோட்டாரும் கருகும்.

பாலக்கோடு:

ஏரைத் தூக்கிவிட்டு காயில் ஸ்ப்ரிங் கிட் போடச் சொல்கிறார்களே?

ராயக்கோட்டை ரோடு:

போடலாம். ஆனால் ஆஃப்ரோடு உயரமும், ஆட்கள் ஏறி இறங்க வண்டி தாழ்கிற உயரமும் போய்விடும். டெரெய்ன் ரெஸ்பான்ஸ் (பாதைக்கு ஏற்ப வண்டியை மாற்றும் அமைப்பு) சஸ்பென்ஷனோடு பேசுகிற வண்டி இது, எச்சரிக்கை விளக்கை அடக்கத் தனி மாட்யூல் வேண்டும். அஞ்செட்டி பக்கம் பாறைத் தடத்தில் அடிவயிறு தட்டும்போது அந்த 55 மி.மீ. ஞாபகம் வரும். என் கணக்கில், நாலு பலூனும் ஒரே நேரத்தில் போய், மாட்யூலும் செத்தால்தான் காயில்.

பென்னாகரம்:

அதுக்குப் பதிலா ஒரு சின்ன வேலை செஞ்சு வச்சுக்கலாம்ங்க. ஒவ்வொரு மூலைக்குப் போற குழாயிலும் ஒரு டீ (T வடிவ) ஃபிட்டிங், அதுல டயர் வால்வ். நாலு செட்டு, இன்ஜின் பக்கம் ரெண்டு, பின்னால ரெண்டு. மூடி கட்டாயம் போட்டு வைங்க, தூசி போகக் கூடாது. தொப்பூர் கணவாய் பக்கம் வண்டி உக்காந்துட்டா, முதல்ல சஸ்பென்ஷன் ஃபியூஸக் கழட்டுங்க, இல்லன்னா நீங்க ஏத்துற காத்த மாட்யூல் இறக்கி விட்டுரும். அப்புறம் எந்த லாரி டயர் கடையிலயும் 110, 120 பவுண்டு காத்து இருக்கும். நார்மல் உயரத்துக்குப் பக்கத்துல தூக்கிரும். இடம் வலம் ரெண்டும் ஒரே அளவான்னு டேப் வச்சுப் பாத்துட்டு, 50க்கு மேல போகாம வீடு வந்து சேந்துரலாம்.