பக்கத்து டவரை ஊமையாக்கினோம்

நாற்பது மீட்டர் அலைவரிசையில் வெர்ட்டிகல் (செங்குத்து ஆன்டெனா) போட்டிருக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள், அதன் பக்கத்தில் நிற்கும் இரும்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். திருவான்மியூரில் எங்கள் தோட்டத்து வெர்ட்டிகலுக்கு மேற்கே ஐந்து மீட்டர் தள்ளி, ஒரு திசைக்குக் குவித்து அனுப்பும் பீம் ஆன்டெனாவைச் சுமக்கும் 9 மீட்டர் டவர் நிற்கிறது. பாங்காக், கோலாலம்பூர் எல்லாம் பிரமாதமாக வரும். வளைகுடா ஆட்கள் மட்டும் "ஒண்ணுமே கேக்கல சார்" என்பார்கள். ஆன்டெனா ட்ரான்ஸ்மிட்டரோடு பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ 1.3 காட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. இந்த விஷயத்தில் அந்த மீட்டரை நம்பிப் பயனில்லை.

நாங்கள் பேசும் 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலை (அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு) என்பது சுமார் 10.5 மீட்டர். டவர் அதைவிடக் குட்டைதான். ஆனால் தலையில் பீம் உட்கார்ந்திருப்பதால் மின்கணக்கில் நீளம் கூடிவிடுகிறது. கால் அலையைத் தாண்டிவிட்டால் பிரதிபலிப்பானாகவே வேலை பார்க்கும். மேற்கே போக வேண்டிய சிக்னலைக் கிழக்கே திருப்பிக்கொண்டிருந்தது.

டவரைக் கழற்ற மனம் வரவில்லை. அதனால் ஒரு தாமிரக் கம்பியை டவருக்கு இணையாக, பி.வி.சி. குழாய்த் துண்டுகளால் ஒரு முழம் தள்ளி நிறுத்தினோம். ஐந்து மீட்டர் உயரத்தில் அதை டவரோடு பிணைத்து, கீழ்முனையை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய ரேடியோ கேங் கண்டென்சர் (திருப்பி மதிப்பை மாற்றும் மின்தேக்கி) வழியாக டவரின் அடியில் சேர்த்தோம். கண்டென்சரைச் சரியான இடத்துக்குத் திருப்பினால், கம்பியும் டவரும் சேர்ந்து அந்த அலைவரிசைக்கு மட்டும் ஒரு தடுப்பாகிவிடும்.

எங்கே அளக்கிறோம் என்பதுதான் முக்கியம். கம்பியில் அளந்தால் மின்னோட்டம் எகிறும், பயப்பட வேண்டாம். கம்பியிலும் டவரிலும் அது எதிரெதிராக ஓடுவதால் வெளியே ஒன்றையொன்று அடித்துவிடும். பிணைப்புக்கு மேலே டவர் காலில் அளந்தால்தான் உண்மை தெரியும். நண்பர் ஒருவர் பெல்ட் கட்டிக்கொண்டு ஏறி, மின்னோட்டம் அளக்கும் ஃபெரைட் கிளாம்ப் மாட்டினார். கீழே 5 வாட் மட்டும் விட்டுக் கண்டென்சரைத் திருப்பினோம். ஓரிடத்தில் முள் பொசுக்கென்று விழுந்தது. மயிரிழை தாண்டினாலும் மறுபடி ஏறிவிடும்.

இதே சங்கதி பெரிய அளவிலும் உண்டு. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலை சுமார் 417 மீட்டர் நீளம். அதற்கு நாற்பது சொச்சம் மீட்டர் செல்போன் டவரே பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில், திசை ஆன்டெனா வைத்த மத்திய அலை நிலையத்துக்கு அருகே அந்தப் பத்தில் ஒரு பங்கு அலைநீளத்தைவிட உயரமாக டவர் கட்டுபவர், அதன் வீச்சு கெடுகிறதா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். கெட்டால் டவரை டீட்யூன் செய்வதும் (இப்படி ஊமையாக்குவதும்) அவர் பொறுப்பு. நல்ல விதிதான்.

கடற்காற்றில் கேங் கண்டென்சர் நிலைக்காது, உப்பு பூத்து மதிப்பு நகர்ந்துவிடும். அதனால் மதிப்பை அளந்துகொண்டு, அதே அளவுக்கு ஆர்.ஜி. 58 கோஆக்சியல் கேபிள் துண்டு வெட்டி, கண்டென்சருக்குப் பதிலாக வைத்தேன். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் வரும். நுனியை மட்டும் நன்றாக அடைக்க வேண்டும். மஸ்கட், துபாய் இப்போது ஒழுங்காகக் கேட்கிறது. இருபது மீட்டர் அலைவரிசையில் டவர் பழையபடிதான் நடந்துகொள்கிறது, அதற்குத் தனியாகக் கம்பி கட்ட வேண்டும்.