தட்டச்சு நடுவில் தமிழ் எழுத்து குழம்பி வருகிறது, அவசரம், யாராவது உதவுங்கள்

சிவகாசி டிடிபி (இரவு 7.48)
வணக்கம். மௌசைத் தொடாமல் கண்ட்ரோல் ஷிஃப்ட் அம்புக்குறி வைத்துச் சொல் சொல்லாகப் பிடித்து வேலை செய்யப் பழகி ஒரு மாதம் ஆகிறது, வேகம் நன்றாகவே கூடியிருந்தது. போன வாரத்திலிருந்து திடீர் திடீரென்று எழுத்தெல்லாம் மாறிவிடுகிறது. கணினியை நிறுத்திப் போட்டால் சரியாகிறது, பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. பள்ளி ஆண்டு மலர், 64 பக்கம், காலை 9 மணிக்கு அச்சுப் பிளேட்டுக்குப் போயாக வேண்டும். இப்போது 22ஆம் பக்கத்தில் நிற்கிறேன். என்ன செய்வது?

கோவை ராம் (7.53)
எந்த விண்டோஸ்? எதில் அடிக்கிறீர்கள், வேர்டா பேஜ்மேக்கரா? யூனிகோடா பழைய எழுத்துருவா? எந்த விசைப்பலகை, அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற முறை எது? இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே.

நெல்லை அண்ணாச்சி (7.55)
கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து நாலு தட்டுத் தட்டுங்க. டிடிபி கடைகளில் காகிதத் தூசிதான் பெரிய எதிரி. எங்கள் கடையில் ஷிஃப்ட் விசை அடியில் தூசி அடைத்து அழுத்தியபடியே நின்றுவிட்டது, கழற்றித் துடைத்த பிறகுதான் சரியானது. புதுக் கீபோர்டு ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்துவிடலாம், பெரிய செலவு இல்லை.

சிவகாசி டிடிபி (8.01)
விண்டோஸ் 11. வேர்டு. யூனிகோடுதான். கீபோர்டு போன மாதம் வாங்கியது அண்ணாச்சி, தட்டியும் பார்த்துவிட்டேன்.

விசைமுனை (8.04)
ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் வந்துவிடும், கையை எடுத்த பிறகும் ஷிஃப்ட் அழுத்தியது போலவே நிற்கும். வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ், சட்டென்று தட்டுவதைக் கணினி கண்டுகொள்ளாது. அம்புக்குறியோடு ஷிஃப்டை இவ்வளவு பயன்படுத்துகிறவருக்கு இது அடிக்கடி நடக்கும். அணுகல்தன்மை அமைப்பில் போய் இரண்டையும் அணைத்துவிடுங்கள், என் கணக்கில் இதுதான்.

மௌஸ் வேண்டாம் (8.10)
இந்த இடத்தில் ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன், மறுபடியும் சொல்கிறேன். கேள்வி கேட்கும் முன் மூன்று விவரம் எழுத வேண்டும்: எந்த மென்பொருள், என்ன செய்தபோது நடந்தது, என்ன வந்தது. "எழுத்தெல்லாம் மாறிவிடுகிறது" என்றால் ஆங்கிலமாக மாறுகிறதா, சதுரக் கட்டமாக வருகிறதா, வேறு எழுத்துருவா? குறுக்குவிசை என்பது ஒரு ஒழுக்கம். ஒரு மாதத்தில் யாரோ சொன்ன இரண்டு விசையைப் பிடித்துக்கொண்டு வேகம் கூடிவிட்டது என்று நினைப்பவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும். முதலில் அடிப்படையைப் படியுங்கள். கண்ட்ரோல் பேக்ஸ்பேஸ் ஒரு சொல்லை முழுசாக அழிக்கும், வேர்டில் ஷிஃப்ட் எஃப்5 கடைசியாகத் திருத்திய இடத்துக்குக் கூட்டிப் போகும், எஃப்4 கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்யும். இவை தெரியாமல் 64 பக்கம் ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

கோவை ராம் (8.13)
கேட்டவருக்குக் காலை 9 மணிக் கெடு இருக்கிறது. பாடம் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் ஐயா. எஃப்4 நல்ல குறிப்புதான், அதை மறுக்கவில்லை, ஆனால் இந்தச் சிக்கலுக்கு அதில் என்ன இருக்கிறது?

மௌஸ் வேண்டாம் (8.15)
விவரம் கேட்டது நானும்தான். அதைப் படிக்கவில்லையா?

பாண்டி மணி (8.17)
இது வேர்டின் வேலைதான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, எடிட்டிங் பகுதியில் சுற்றியுள்ள எழுத்தின் மொழிக்கு ஏற்பக் கீபோர்டைத் தானாக மாற்று என்று ஒரு டிக் இருக்கிறது. ஆங்கிலச் சொல் பக்கத்தில் கர்சரைக் கொண்டுபோனால் ஆங்கிலமாகும், தமிழ் பக்கத்தில் போனால் தமிழாகும். ஆண்டு மலரில் ஆசிரியர் பெயரோடு பட்டங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தானே போடுவீர்கள்? அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

சிவகாசி டிடிபி (8.26)
டிக் எடுத்துவிட்டேன், ஸ்டிக்கி கீஸும் அணைத்துவிட்டேன். இப்போதுதான் மறுபடி வந்தது. ஆங்கிலமாக மாறவில்லை. தமிழ்தான் வருகிறது, ஆனால் நான் அடித்த தமிழ் இல்லை.

அகரம் (8.29)
"நான் அடித்த தமிழ் இல்லை", இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பரவாயில்லை. இரண்டு காரியம் செய்யுங்கள். நோட்பேட் திறந்து அங்கேயும் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் வேர்டை விட்டுவிடலாம். அப்புறம், குழம்பியிருக்கும் அந்த நேரத்தில், கணினியை நிறுத்தாமல், 'தமிழ்' என்றும் 'மரம்' என்றும் எப்போதும் அடிப்பது போலவே அடித்து, என்ன வந்ததோ அதை இங்கே ஒட்டுங்கள். சாதாரணமாக எந்த விசைப்பலகையில் அடிப்பீர்கள், உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி விசை இருக்கிற தமிழ்99தானே?

திருச்சி தட்டச்சர் (8.31)
தமிழ்99ஐப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இப்படித்தான். ஃபொனெட்டிக்குக்கு வந்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எப்படி நினைக்கிறோமோ அப்படியே அடித்தால் தமிழ் வந்துவிடும், தனியாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

விசைமுனை (8.34)
தமிழை ஆங்கிலத்தில் ஏன் நினைக்க வேண்டும்? எண்ணிப் பாருங்கள். 'கொடுத்தான்' என்ற சொல்லுக்குத் தமிழ்99இல் ஒன்பது தட்டு, ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும் என்பதால். நீங்கள் சொல்லும் ஃபொனெட்டிக், அதாவது ஒலிபெயர்ப்பில் அதே சொல்லுக்குப் பதினொன்று. அதோடு ள, ண, ற மூன்றுக்கும் பல ஒலிபெயர்ப்பு முறைகளில் ஷிஃப்ட் வேண்டும், தமிழ்99இல் 12 உயிர், 18 மெய், ஆய்தம் எதற்குமே ஷிஃப்ட் கிடையாது. ஒரு பக்கத்துக்கு எத்தனை ஷிஃப்ட் மிச்சம் என்று யோசியுங்கள். நாள் முழுக்க அடிப்பவருக்குச் சுண்டுவிரல் வலி என்பது சின்ன விஷயம் இல்லை.

நெல்லை அண்ணாச்சி (8.37)
நான் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவன். பழைய தட்டச்சுப்பொறி முறையில் என் கைவேகத்தோடு இங்கே யாரும் போட்டிக்கு வர முடியாது. கொம்பை முதலில் அடித்து அப்புறம் எழுத்தை அடிப்போம், கை எழுதுவது போலவே வரும். விரலுக்குப் பழகியதுதான் வேகம், அட்டவணை போட்டு எண்ணுவதில் எதுவும் இல்லை தம்பி.

திருச்சி தட்டச்சர் (8.40)
பத்து நாளில் கற்றுக்கொள்ள முடிகிற முறைதான் புதியவர்களுக்குச் சரி. என் அக்கா மகள் ஃபொனெட்டிக்கில் ஒரே வாரத்தில் கடிதம் அடித்தாள்.

விசைமுனை (8.42)
தமிழ்99உம் பத்து நாள்தான் சார். உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. கை மாறி மாறி விழும்படி யோசித்து வைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் பல பேர் உட்கார்ந்து பேசி முடிவு செய்து, தமிழக அரசும் ஏற்றுக்கொண்டது.

மௌஸ் வேண்டாம் (8.44)
கேள்வி என்ன, நீங்கள் பேசுவது என்ன? இந்தச் சண்டைக்குத் தனி இழை போன வருடமே திறந்தாகிவிட்டது.

சிவகாசி டிடிபி (8.52)
தமிழ்99தான். நோட்பேடிலும் வருகிறது.
தமிழ் அடித்தால்: தகேயி
மரம் அடித்தால்: கஸகி

அகரம் (9.03)
கிடைத்துவிட்டது. உங்கள் கீபோர்டில் குறை இல்லை, வைரஸ் இல்லை, வேர்டும் இல்லை.

தமிழ்99இல் 'தமிழ்' அடிக்க உங்கள் விரல் போகிற விசைகள் வரிசையாக எல், கே, எஸ், சாய்கோடு, எஃப். இதே ஐந்து விசையை இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் அடித்தால் எல் என்பது த, கே என்பது க, எஸ் என்பது ஏகாரக் குறி, சாய்கோடு ய, எஃப் இகரக் குறி. சேர்த்துப் படியுங்கள்: தகேயி. 'மரம்' என்பதற்கு கே, எம், கே, எஃப், அங்கே அது க, ஸ, க, இகரக் குறி, ஆகவே கஸகி. இரண்டு சொல்லும் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பொருந்துகிறது. விண்டோஸில் வெறும் 'தமிழ்' என்று பெயர் போட்டு வருவதுதான் இன்ஸ்கிரிப்ட், இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் அமைத்த விசைப்பலகை. அது உங்கள் கணினியில் தமிழ்99 பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் அறியாமல் அதற்குத் தாவிக்கொண்டிருக்கிறீர்கள்.

எப்படித் தாவுகிறது என்றால், விண்டோஸில் இரண்டு தனித்தனிச் சாவி இருக்கிறது. இடது ஆல்ட் ஷிஃப்ட் மொழியை மாற்றும், ஆங்கிலம் தமிழ் என்று. கண்ட்ரோல் ஷிஃப்ட் ஒரே மொழிக்குள் விசைப்பலகையை மாற்றும், பெரும்பாலான கணினிகளில் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் வைத்திருக்கும். நீங்கள் கண்ட்ரோல் ஷிஃப்டோடு அம்புக்குறியையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது, சொல் பிடிபடும். கண்ட்ரோல் ஷிஃப்டை அழுத்திவிட்டு, எதைப் பிடிப்பது என்று ஒரு கணம் யோசித்து, அம்புக்குறி தொடாமல் கையை எடுத்தால் அப்போது விசைப்பலகை மாறும். அதனால்தான் எப்போதும் வராமல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. மெய்ப்புப் பார்க்கிற வேலையில் யோசித்துக் கையை எடுப்பது சகஜம்தானே, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

செய்ய வேண்டியது: செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதில் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். சின்னதாக ஒரு பழைய பெட்டி திறக்கும். அதில் சேஞ்ச் கீ சீக்வென்ஸ் அழுத்தினால் இடம் வலம் என்று இரண்டு பகுதி வரும். வலப்பக்கம் கீபோர்டு லேஅவுட் மாற்றுவது, அங்கே நாட் அசைண்டு தேர்ந்து ஓகே கொடுங்கள். இடப்பக்கத்தைத் தொட வேண்டாம், அது உங்களுக்கு ஆங்கிலம் போய்வர வேண்டும்.

இன்ஸ்கிரிப்டையே நீக்கிவிட்டால் இன்னும் நிம்மதி. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: போன வாரம்தான் ஆரம்பித்தது என்கிறீர்கள், அந்தக் கணினியில் வேறு யாராவது வேலை செய்கிறார்களா?

பாண்டி மணி (9.07)
அருமை. நான் சொன்ன டிக் இதற்குக் காரணம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் அதை எடுத்தே வையுங்கள், இரு மொழியில் அடிப்பவர்களுக்கு அது தொந்தரவுதான்.

மௌஸ் வேண்டாம் (9.09)
கண்ட்ரோல் ஷிஃப்டாக இருக்கும் என்று எனக்கு முதலிலேயே தெரியும். விவரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

கோவை ராம் (9.10)
தெரிந்திருந்தால் 8.10க்கே ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு மூன்று பக்கம்.

மௌஸ் வேண்டாம் (9.14)
ஊகத்தைச் சொல்லி அலையவிடுவது என் பழக்கம் இல்லை. தூசி தட்டு, ஸ்டிக்கி கீஸ் அணை, டிக் எடு என்று மூன்று பேர் அவரை அலையவிட்டார்கள், அதற்குப் போன நேரம் எத்தனை பக்கம் என்றும் எண்ணுங்கள். அகரம் செய்ததுதான் சரியான முறை: வந்த எழுத்தைக் கேட்டு வாங்கி அதிலிருந்து திரும்பிப் போனார்.

விசைமுனை (9.16)
அது நியாயம். ஸ்டிக்கி கீஸ் என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. அது வந்திருந்தால் ஒரு பெட்டி தோன்றி ஒலியும் கேட்டிருக்கும், அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சிவகாசி டிடிபி (9.41)
வலப்பக்கம் மாற்றிவிட்டேன், அரை மணி நேரமாக ஒரு தடவைகூட வரவில்லை. வேண்டுமென்றே கண்ட்ரோல் ஷிஃப்டை அழுத்தி விட்டும் பார்த்தேன், மாறவில்லை. ரொம்ப நன்றி அகரம் அண்ணா. மதிய ஷிஃப்டுக்குப் போன வாரம் ஒரு தம்பி சேர்ந்தான், முன்பு இருந்த இடத்தில் வேறு முறையில் அடித்தானாம், அவன்தான் சேர்த்திருக்க வேண்டும். இதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

அகரம் (9.46)
அப்படியானால் நீக்காதீர்கள், அது அவர் கை பழகிய விசைப்பலகை. ஆனால் அவர் கண்ட்ரோல் ஷிஃப்ட் அழுத்தித்தான் மாற்றிக்கொண்டிருப்பார், நாளை மதியம் அது வேலை செய்யாமல் அவர் திண்டாடுவார். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் எல்லா விசைப்பலகையும் பட்டியலாகத் தெரியும், விண்டோஸ் விசையை விடாமல் ஸ்பேஸைத் தட்டித் தட்டி வேண்டியதில் நிறுத்தலாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் உட்கார்ந்தவுடன் அதில் தமிழ்99 நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, மலர் என்றால் மாணவர் பெயர், வகுப்பு, பிரிவு என்று ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். விண்டோஸ் விசையோடு வி அழுத்தி கிளிப்போர்டு வரலாற்றை இயக்கிவிடுங்கள். கடைசியாக நகலெடுத்த 25 வரை அங்கே நிற்கும், அடிக்கடி வேண்டியதைப் பின் குத்தி வைத்தால் கணினியை நிறுத்தினாலும் போகாது. இன்று இரவு இது உங்களுக்குக் கை கொடுக்கும்.

திருச்சி தட்டச்சர் (9.50)
விசைமுனை, 'கொடுத்தான்' ஒரு சொல்லை வைத்து எண்ணுவது நியாயமில்லை. ஒரு பத்தி முழுக்க எண்ணிவிட்டு வருகிறேன், நாளைக்குப் பேசுவோம்.

சிவகாசி டிடிபி (காலை 8.20)
64ம் முடிந்தது. அனுப்பிவிட்டேன். விண்டோஸ் ஸ்பேஸ் என்று சீட்டு எழுதி மானிட்டர் ஓரத்தில் அந்தத் தம்பிக்கு ஒட்டி வைத்திருக்கிறேன்.