ஸ்லட்ஜை கேவிட்டேஷனில் அடித்தால் பயோகாஸ் கூடுமா? (20 கன மீட்டர் டைஜஸ்டர், நாகர்கோவில்)

வடசேரி_எஸ்டிபி:
விடுதி வளாக எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்). கிளாரிஃபயரிலிருந்து (படிவுத் தொட்டி) தினமும் 3 கன மீட்டர் உபரி ஸ்லட்ஜ் (கழிவுச் சேறு), திடப்பொருள் 1%. அப்படியே டைஜஸ்டருக்கு (காற்றில்லாம மக்கவச்சு கேஸ் எடுக்குற தொட்டி) போகுது. கேஸ் சமையலறைக்குப் பத்தல. ஆரிஃபைஸ் பிளேட் (துளை போட்ட தகடு) வழியா சுற்றவிட்டா கேவிட்டேஷன்ல (குமிழிகள் உருவாகி வெடிக்கிறது) ஸ்லட்ஜ் துகள் உடைஞ்சு கேஸ் கூடும்ங்கிறாங்க. என்ன பம்ப், துளை எவ்வளவு, எவ்வளவு நேரம்? மணவாளக்குறிச்சி பக்கமிருந்து லாரியில் வர்ற செப்டிக் டேங்க் கழிவையும் சேர்க்கலாமா?

பழையாற்றங்கரை:
முதல்ல தண்ணியைக் குறைங்க அண்ணாச்சி. 20 கன மீட்டருக்குள்ள தினம் 3 போனா ஸ்லட்ஜ் உள்ளே ஏழு நாள்கூட நிக்காது. மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிர் பெருகுறதுக்குள்ள வெளியே அடிச்சுட்டுப் போயிடும். உலர் திடப்பொருள் 30 கிலோவுக்கு 100–150 கிராம் பாலிமர் (துகளைத் திரட்டிப் படியவைக்கிற பொருள்) கலந்து படியவிட்டு 3% ஆக்குங்க. அளவு 1 கன மீட்டராகும், 20 நாள் நிக்கும். கேவிட்டேஷன் இல்லாமலே கேஸ் ஏறும். நம்ம ஊர்ல ரெண்டு பருவமழையும் உண்டு, படியவிடுற தொட்டிக்கு (திக்கனர்) மேல ஷீட் போடுங்க.

அதுக்கப்புறம்தான் பிளேட். முன்னாடி 3 மி.மீ. சல்லடை வேணும், முடியும் நாரும்தான் முதல் எதிரி. அதனாலேயே பல சிறு துளை வேண்டாம், 13 மி.மீ. ஒற்றைத் துளை போதும். 5 பாரில் மணிக்கு ஒன்பது கன மீட்டர் சொச்சம் போகும், வேகம் நொடிக்கு 31 மீட்டர் பக்கம், கேவிட்டேஷன் எண் (குறையக் குறைய குமிழி அதிகம்) 0.2. அரை மணி நேரத்துல 1 கன மீட்டர் நாலரைத் தடவை சுற்றிடும். ஸ்க்ரூ பம்ப் போடுங்க. துளை அடைச்சா அது அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போகும், ரிலீஃப் வால்வும் பைபாஸும் இல்லாம ஓட்டவே கூடாது. பிளேட்டுக்குப் பின்னாடி 50 மி.மீ. பைப், வால்வு முழுசாத் திறந்திருக்கணும். அங்க நெருக்கினா குமிழியே உருவாகாது. சரியா ஓடினா பைப்புக்குள்ள சரளைக்கல் உருள்ற சத்தம் கேக்கும்.

குளச்சல்_கணக்கு:
கரண்ட் கணக்கைப் பாத்துட்டு இறங்குங்க. 5 பார், பம்ப் திறன் 50% என்றால் அரை மணிக்கு சுமார் 1.3 யூனிட். 30 கிலோ திடப்பொருளில் மக்கும் பகுதி 21 கிலோ, கிலோவுக்கு 0.2 கன மீட்டர் மீத்தேன் என்று வைத்தால் 4.2 கன மீட்டர். 20% கூடினால் 0.84, சமையலறையில் அது 650 கிராம் எல்பிஜிக்குச் சமம். அங்கே லாபம்தான். அதையே சின்ன ஜெனரேட்டரில் விட்டால் 2 யூனிட்தான் கிடைக்கும், 10% மட்டும் கூடினால் நஷ்டம். 1% ஸ்லட்ஜையே ஓட்டினால் கரண்ட் மூன்று மடங்கு.

20% வருமா என்பதைப் பாட்டிலில் பாருங்கள். 500 மி.லி. பாட்டில்கள், 37 டிகிரி, மக்கும் பொருள் அளவில் ஓடும் டைஜஸ்டரிலிருந்து எடுத்த கலவை இரண்டு பங்கு, ஸ்லட்ஜ் ஒரு பங்கு. அடித்தது, அடிக்காதது, வெறும் கலவை ஒவ்வொன்றும் மும்மூன்று, 25 நாள். வெறும் கலவையின் கேஸைக் கழிக்க மறக்காதீர்கள். 0.45 மைக்ரான் வடிகட்டிய சிஓடி (கரைந்த கரிமப்பொருளைக் காட்டும் அளவு) ஏறியதை மட்டும் நம்பாதீர்கள். கரைந்ததெல்லாம் கூடுதல் கேஸாக மாறாது.

வடசேரி_எஸ்டிபி:
செப்டிக் கழிவு?

பழையாற்றங்கரை:
அதை பிளேட் வழியா அடிக்காதீங்க. வருஷக்கணக்கா தொட்டிக்குள்ளயே மக்கினது, கேஸ் கொஞ்சம்தான் மிச்சம். மணவாளக்குறிச்சிப் பக்க மணல்ல கார்னெட், இல்மனைட் உண்டு. கார்னெட் பிளேட்டை அரிச்சுத் தள்ளிடும். துளை முக்கால் மில்லி தேய்ஞ்சாலே 5 பார் 4 ஆயிடும். பம்ப்போட ஸ்டேட்டர் (ஸ்க்ரூ சுத்துற உறை) ரப்பர் தேய்ஞ்சாலும் இதே அறிகுறிதான், பிளேட்டைக் கழற்றி காலிப்பர் வச்சு அளந்துட்டு முடிவு பண்ணுங்க. அழுத்தமானிக்கு டயஃப்ரம் சீல் (ஸ்லட்ஜ் உள்ளே போகாம தடுக்கிற சவ்வு) போடுங்க, இல்லேன்னா ஸ்லட்ஜ் அடைச்சு பொய் காட்டும்.

குளச்சல்_கணக்கு:
அடித்த ஸ்லட்ஜை முதல் வாரம் கால் பங்கு மட்டும் கொடுங்கள். டைஜஸ்டரில் ஆவியாகும் கொழுப்பு அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் 0.4 தாண்டினாலோ நுரை கட்டினாலோ நிறுத்துங்கள். துகள் பொடிவதால் நீர் பிரிக்கப் பாலிமர் கூடுதலாகப் பிடிக்கும். பிரிந்த நீர் அம்மோனியாவோடு ஏரேஷன் தொட்டிக்கே திரும்பும், புளோயருக்கு (காற்று ஊதும் இயந்திரம்) அந்தச் சுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.